அடுக்களையும் ஆலயமும்



வரலாற்று நூல்களில் மன்னர்க்கு இடம் உண்டு. மடங்களுக்கும் ஓரளவு இடம் உண்டு. அம்மடங்களின் அடுக்களைக்கு மட்டும் இடம் கிடைப்பது அரிது. ஆங்கில நாட்டுக் கன்னியர் கூட்டம் ஒன்றின் நானூறு ஆண்டு வாழ்க்கையை இன்று உங்கள் முன் வைக்க எண்ணுகிறேன். அக்கன்னியர் பானை கழுவினார்கள், துணி துவைத்தார்கள், நூல் படித்தார்கள், ஏடு பெயர்த்து எழுதினார்கள், நாள்தோறும் பல முறை கூடி இறைவனைப் பாடினார்கள். இவை யாவும் ஒரே வழிபாட்டின் பல பகுதிகள் என்பது அவர்கள் கொள்கை. அன்றாடச் சிறு வேலையையும் புனிதமாக எண்ணும் அக்கொள்கை, நாடு கடந்து வாழ்ந்த காலத்திலும் சிறைப்பட்ட காலத்திலும் அவர்களை எவ்வாறு தாங்கியது என்பதே என் பேச்சின் பொருள்.

இக்கன்னியர் சார்ந்த சபைக்குப் பெயர் தந்தவர் இத்தாலி நாட்டில் நூர்சியா என்னும் ஊரில் தோன்றிய பெனடிக்ட் முனிவர். ஏறத்தாழக் கி. பி. 480-இல் பிறந்து, 547-ஆம் ஆண்டளவில் மறைந்தவர். தமிழ்க் கத்தோலிக்க மக்கள் இவரை ஆசீர்வாதப்பர் என்று வழங்குவர். குளித்தலைக்கு அருகே காவிரிக் கரையில் 1950-இல் சாந்திவனம் என்னும் ஆசிரமத்தைத் தோற்றுவித்த பிரெஞ்சுத் துறவியர் இருவருள் ஒருவரான ஆன்றி ல சோ இச்சபையைச் சேர்ந்தவரே. ஆதலின் இச்சபையின் பெயர் நம் நாட்டிற்கு முற்றிலும் புதியதன்று.

பெனடிக்ட் முனிவரின் வரலாற்றை ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிவைத்தவர் பெரிய கிரகோரியார் என்னும் போப்பாண்டவர். அம்முனிவர் செய்த முதல் அற்புதமாக அவர் கூறுவது என்ன தெரியுமா? கடலைப் பிளந்ததும் அன்று. இறந்தவரை எழுப்பியதும் அன்று. இளைஞராகிய பெனடிக்ட் உரோமாபுரியை விட்டு நீங்கியபோது அவரை வளர்த்த செவிலித்தாயும் உடன் சென்றாள். கோதுமையைத் துப்புரவு செய்வதற்காக அவள் அண்டை வீட்டாரிடம் சல்லடை ஒன்றை இரவல் வாங்கினாள். மேசைமேல் வைத்த அது கீழே விழுந்து இரண்டாக உடைந்தது. இரவல் பொருள் உடைந்ததே என்று அவள் அழுதாள். அவ்வழுகையைக் காணப் பொறாத இளைஞர், உடைந்த துண்டுகளை எடுத்துச் சென்று இறைவனை வேண்டினார். சல்லடை முன்போல் ஒன்றாயிற்று. இதனை நம்புவதும் நம்பாததும் அவரவர் உரிமை. ஒரு பெருந்துறவியின் வரலாறு ஓர் ஏழைப் பெண்ணின் அடுக்களைக் கருவியிலிருந்து தொடங்குகிறது என்பதை மட்டும் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

பிற்காலத்தில் மோந்தே கசினோ என்னும் மலைமேல் மடம் அமைத்த அவர், தம் துறவியர்க்கென 73 அதிகாரங்கள் கொண்ட ஒழுங்கு நூல் ஒன்றை இலத்தீன் மொழியில் வகுத்தார். ஆழ்ந்த தத்துவ விளக்கங்களைத் தேடி அந்நூலைத் திறப்பவர் வியப்படைவர். ஒருவருக்கு நாளொன்றுக்கு எவ்வளவு அப்பம், சமைத்த உணவு எத்தனை வகை, நோயுற்றவரைப் பேணுவது எங்ஙனம், வாயிற்காவலர் எப்படிப்பட்டவராய் இருத்தல் வேண்டும் என்பன போன்ற செய்திகளே அதில் நிறைந்துள்ளன. ஒவ்வொருவர்க்கும் இரண்டு ஆடைகள் வேண்டும் என்கிறது 55-ஆம் அதிகாரம். ஒன்றைத் துவைக்கும்போது மற்றொன்றை உடுத்திக்கொள்ளலாம் அல்லவா? சமையல் வேலையை எல்லோரும் வாரத்திற்கு ஒருவராக முறை வைத்துச் செய்யவேண்டும் என்கிறது 35-ஆம் அதிகாரம். முறை முடிந்தவர் சனிக்கிழமையன்று, பிறர் கைகால் துடைத்த துண்டுகளைத் துவைத்து, பாத்திரங்களைத் தூய்மையாகவும் பழுதில்லாமலும் ஒப்படைக்கவேண்டும். உக்கிராணத்தைக் காப்பவர் மடத்தின் பாத்திரம் பண்டங்கள் அனைத்தையும் திருப்பலிப் பீடத்துப் பாத்திரங்களுக்கு நிகராகப் போற்றவேண்டும் என்பது 31-ஆம் அதிகாரத்தின் கருத்து.

இந்தக் கருத்தின் அருமையை உணர அக்காலத்தை உணரவேண்டும். உரோமப் பேரரசு மேற்கில் வீழ்ந்துவிட்டது. 535 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இத்தாலியில் கோத்தியர்க்கும் கான்ஸ்டாண்டிநோபிள் பேரரசனின் படைகளுக்கும் போர் நடந்தது. 546-இல் உரோமாபுரியே பகைவர் கைப்பட்டது. அத்தகைய காலத்தில் ஒருவர் அமர்ந்து, துண்டு துவைப்பதைப் பற்றியும் சட்டி எண்ணி வாங்குவதைப் பற்றியும் எழுதுகிறார். அன்றியும், பழைய உரோம சமுதாயத்தில் கைவேலை என்பது பெரும்பாலும் அடிமைகளின் தலைமேல் விழுந்த சுமை. நற்குடியிற் பிறந்தவன் பாத்திரம் துலக்குவதை இழிவாகக் கருதிய உலகில், அவ்வேலையைப் பீடத்துப் பணியோடு ஒரே வரிசையில் வைத்தது சிறிய புரட்சி அன்று.

ஜெபமும் உழைப்பும் என்பது இச்சபையின் குறிக்கோள் மொழியாகப் பெரிதும் வழங்குகிறது. அத்தொடர் ஒழுங்கு நூலில் இல்லை, பிற்காலத்தார் ஆக்கியது. நூலில் உள்ளவை மூன்று: இறைவழிபாடு, கைவேலை, படிப்பு. வாரத்திற்குள் 150 சங்கீதங்களையும் பாடி முடிக்கவேண்டும். கைவேலைக்கும் படிப்புக்கும் நாள்தோறும் குறித்த நேரம் உண்டு. தவக்காலத்தில் ஒவ்வொருவரும் நூல் நிலையத்திலிருந்து ஒரு நூலைப் பெற்று, முதலிலிருந்து முடிவு வரை தொடர்ச்சியாகப் படிக்கவேண்டும். நடுவில் தொட்டு நடுவில் விடும் நம் மாணவர் சிலர்க்கும் இவ்விதி பயன்படக் கூடும்!

ஒழுங்கு நூல் ஆடவர்க்கென எழுதப்பட்டதாயினும், காலப்போக்கில் மகளிர் மடங்களும் அதனைத் தமதாக்கிக் கொண்டன. பெனடிக்ட் முனிவரின் தங்கை ஸ்கொலாஸ்திக்காவும் இறைவனுக்குத் தம்மை ஒப்படைத்தவரே. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் வாழ்ந்த இல்டெகார்டு அம்மையார் இம்மரபில் தோன்றி, இசை, மருத்துவம், இறையியல் ஆகிய மூன்றிலும் புகழ் பெற்றார். இங்கிலாந்திலும் இத்தகைய மகளிர் மடங்கள் பல இருந்தன. எட்டாம் ஹென்றி மன்னன் 1536 முதல் 1540 வரையுள்ள ஆண்டுகளில் அந்நாட்டு மடங்கள் அனைத்தையும் கலைத்தான். அதன்பின், துறவு வாழ்க்கையை விரும்பிய ஆங்கிலக் கத்தோலிக்கப் பெண்கள் கடல் கடந்து செல்ல நேர்ந்தது. 1598-இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் ஆங்கிலக் கன்னியர்க்கென ஒரு பெனடிக்ட் மடம் தோன்றியது.

நாம் தொடரப்போகும் கூட்டத்தின் கதை 1623-இல் தொடங்குகிறது. அவ்வாண்டில் ஆங்கில இளம்பெண்கள் ஒன்பதின்மர் காம்பிரே என்னும் நகரை அடைந்தனர். இன்று பிரான்சில் உள்ள அந்நகர் அன்று ஸ்பானிய ஆட்சியில் இருந்தது. பிரஸ்ஸல்ஸ் மடத்துக் கன்னியர் மூவர் வந்து அவர்களைப் பழக்கினர். 1625-ஆம் ஆண்டின் முதல் நாளன்று அவர்கள் துறவு வாக்களித்தனர். அவர்களுள் எலன் மோர் என்பவள் பதினேழு வயதினள். மன்னனுக்குப் பணியாமல் 1535-இல் தலை கொடுத்த தாமஸ் மோரின் கொள்ளுப்பேரனுக்கு மகள் அவள். மடத்தில் அவள் பெற்ற பெயர் ஜெர்த்துரூது.

ஜெர்த்துரூது கலகலப்பான இயல்பினள், கூர்மையான நாவினள். வரையறுத்த முறைகளில் மனத்தை நிறுத்தித் தியானம் செய்வது அவளுக்கு எட்டிக்காயாக இருந்தது. வாக்களித்த பின்னும், தான் தவறான இடத்திற்கு வந்துவிட்டேனோ என்று உள்ளம் குமைந்தாள். 1624-இல் ஆன்ம வழிகாட்டியாக அம்மடத்திற்கு வந்திருந்தவர் அகுஸ்தீன் பேக்கர் என்னும் துறவி. அவர் எல்லோர்க்கும் ஒரே அளவுச் சட்டையைத் தைக்கவில்லை. ஆன்மாக்கள் பலவகைப்பட்டவை, ஒவ்வொன்றையும் இறைவன் உள்ளிருந்தே அழைக்கிறான், அக்குரலைக் கேட்கும் அமைதி வேண்டும், உள்ளம் அவன்பால் சாய்ந்திருந்தால் கைவேலை ஜெபத்திற்குத் தடையாகாது—இவ்வாறு அவர் போதித்தார். தொடக்கத்தில் அவரை ஏளனம் செய்த ஜெர்த்துரூது, பின்னர் அவருடைய நெறியில் அமைதி கண்டாள். 1633-இல், 27-ஆம் வயதில், பெரியம்மை நோயால் அவள் இறந்தாள். அவள் தனக்கென எழுதிவைத்திருந்த சிந்தனைகள் அவள் இறந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனபின் பாரிசில் அச்சேறின.

படிப்பதற்கு நூல் வேண்டுமே! அயல்நாட்டில் ஆங்கில நூல் கிடைப்பது எளிதாயில்லை. 1629-இல் பேக்கர், இலண்டனில் பெருநூல் நிலையம் வைத்திருந்த இராபர்ட் காட்டன் என்னும் அறிஞருக்குக் கடிதம் எழுதி, கன்னியர்க்குப் பழைய ஆங்கிலப் பக்தி நூல்களைத் தந்துதவுமாறு வேண்டினார். கிடைத்த நூல்களைக் கன்னியர் பெயர்த்து எழுதினர். பார்பரா கான்ஸ்டபிள் என்னும் கன்னியின் கையெழுத்தில் எழுந்த தொகுதிகள் பல. இவ்வாறு பெயர்த்து எழுதும் வேலையும் அவர்களுடைய நாள் ஒழுங்கில் கைவேலையே.

அந்த எளிய வேலை இலக்கிய உலகுக்கு அளித்த கொடை ஒன்று உண்டு. பதினான்காம் நூற்றாண்டில் நார்விச் நகரில் தனிக்குடிலில் தவமிருந்த ஜூலியன் என்னும் அம்மையார், தாம் கண்ட காட்சிகளை ஆங்கிலத்தில் எழுதினார். ஒரு பெண் ஆங்கிலத்தில் இயற்றியதாக அறியப்பட்ட நூல்களுள் மிகப் பழமையானது அது. அதன் விரிந்த வடிவம் அழியாமல் நமக்குக் கிடைத்ததில், நாடு கடந்து வாழ்ந்த இவ்வாங்கிலக் கன்னியர்க்குப் பெரும்பங்கு உண்டு என்பது அறிஞர் கருத்து. காம்பிரேயிலிருந்து 1651-இல் பாரிசில் ஒரு கிளை மடம் தோன்றியது. அம்மடத்தில் ஆன்ம குருவாக இருந்த செரெனஸ் கிரெசி என்பவரே 1670-இல் அந்நூலை முதன்முறையாக அச்சிட்டார். நம் நாட்டில் ஏடுகளைப் பெயர்த்து எழுதியவர் பலருடைய பெயரை நாம் அறியோம். அவர்கள் இல்லையெனில் சங்க நூல்கள் இல்லை. அதுபோன்ற பணியே இதுவும்.

எழுதிய கை வணங்கும் கையாக மட்டும் இருக்கவில்லை. பேக்கரின் போதனை கன்னியரை அதிகாரத்திற்கு அடங்காதவராக்கும் என்று ஐயுற்றோர் இருந்தனர். 1633-இல் சபைப் பேரவை ஆராய்ந்து, அவர் நூல்களில் குற்றமில்லை என்று கண்டது. ஆயினும் அவர் காம்பிரேயை விட்டு அகற்றப்பட்டார். 1655-இல் சபையின் தலைவர் ஒருவர் வந்து, அவர் எழுதிய ஏடுகளைத் திருத்துவதற்காக ஒப்படைக்குமாறு கட்டளையிட்டார். அபேஸ் என்னும் மடத் தலைவியாக இருந்த காதரின் காஸ்காய்ன் அம்மையார் மறுத்தார்; கன்னியரும் அவர் பக்கம் நின்றனர். ஏடுகள் பிழைத்தன. கீழ்ப்படிதலை வாக்காகக் கொடுத்த பெண்கள், தங்கள் அன்றாட ஜெபத்திற்கு ஊற்றாயிருந்ததைக் காப்பதற்காகப் பணிவோடு எதிர்த்து நின்றனர். பணிவு வேறு, அச்சம் வேறு என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இங்கு ஒரு குறையையும் சொல்லாமல் விடுதல் வரலாற்றுக்கு அழகன்று. அடுக்களை வேலை எல்லோர்க்கும் பொது என்பது ஒழுங்கு நூல். நடைமுறையில், ஐரோப்பிய மடங்கள் பலவற்றில் இருந்தது போலவே இங்கும் இருவகைக் கன்னியர் இருந்தனர். இலத்தீன் கற்று, சீதனம் கொணர்ந்து, பாடற்குழுவில் நின்றவர் ஒரு வகை. சமையலும் சலவையும் பெரும்பாலும் தம் பொறுப்பாகக் கொண்ட உழைப்புச் சகோதரியர் மற்றொரு வகை. இறைவன் முன் வேலை யாவும் சமம் என்று சொன்ன இடத்திலேயே, வேலையைக் கொண்டு மனிதரை இரண்டாகப் பிரித்த வழக்கமும் வேரூன்றிவிட்டது. சாதியால் தொழிலும் தொழிலால் மதிப்பும் அளந்த நாட்டில் பிறந்த நமக்கு இம்முரண்பாடு எளிதில் விளங்கும். 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின்னரே அவ்வேற்றுமை நீங்கியது. உயர்ந்த கொள்கையும் தன் முழு அளவில் நிறைவேற, எழுதப்பட்டபின் ஆயிரத்து நானூறு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

இனி அவர்களுடைய பெருஞ்சோதனைக்கு வருவோம். காம்பிரே நகரம் 1677-இல் பிரெஞ்சு மன்னன் வசமாயிற்று. 1789-இல் பிரெஞ்சுப் புரட்சி மூண்டது. 1793 அக்டோபரில் புரட்சி அரசின் ஆட்கள் மடத்திற்குள் நுழைந்து கன்னியரைக் கைது செய்தனர். நூற்றெழுபது ஆண்டு உழைப்பால் சேர்த்த நூல்களும் ஏடுகளும் பறிமுதலாயின. அவற்றுட் சில இன்றும் வடபிரான்சின் ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. கன்னியர் வண்டிகளில் ஏற்றப்பட்டுக் காம்ப்பியேன் என்னும் ஊருக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அங்கு, முன்னர் மற்றொரு சபையின் மடமாயிருந்து சிறையாக மாறிய கட்டடத்தில், ஏறத்தாழப் பதினெட்டு மாதம் அடைபட்டுக் கிடந்தனர். குளிரும் பசியும் நோயும் அவர்களுள் சிலர் உயிரைப் பருகின.

1794 ஜூன் மாதத்தில் அதே சிறைக்கு, அவ்வூர்க் கார்மேல் சபைக் கன்னியர் பதினாறு பேர் கொண்டுவரப்பட்டனர். இரு கூட்டத்தாரும் ஒருவரோடொருவர் பேசக் கூடாது என்பது கட்டளை. துறவுடை அணிவதைப் புரட்சி அரசு தடுத்திருந்தது. ஆதலின் கார்மேல் கன்னியர் உலகத்தார் அணியும் சாதாரண உடைகளையே அணிந்து வந்தனர். ஜூலை 12-ஆம் நாள், அவர்கள் அவ்வுடைகளைத் துவைக்கப் போட்டிருந்தனர். அப்போது, பாரிசுக்கு உடனே புறப்பட வேண்டும் என்று கட்டளை வந்தது. உடைகளோ தண்ணீரில் நனைந்து கிடந்தன. வேறு வழியின்றி, தம்மிடம் எஞ்சியிருந்த துறவுடையை உடுத்து வண்டியேறினர். ஜூலை 17 அன்று பாரிசில், பாடிக்கொண்டே சென்று கில்லட்டின் பொறியில் பதினாறு பேரும் தலை கொடுத்தனர். பத்தே நாட்களில் ரோபஸ்பியர் வீழ்ந்தான். பயங்கர ஆட்சி முடிந்தது.

சிறையிலிருந்த ஆங்கிலக் கன்னியரோ இன்னும் தங்கள் கிழிந்த துறவுடையிலேயே இருந்தனர். அது அவர்களுக்கு ஆபத்தை விளைவிக்கும் என்று ஊர் அதிகாரிகள் கருதினர், மாற்றிக்கொள்ளுமாறு கூறினர். மாற்றுடை வாங்க அவர்களிடம் காசு இல்லை. அப்போது, கார்மேல் கன்னியர் துவைக்கப் போட்டுவிட்டுச் சென்ற உடைகள் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டன. தலை கொடுத்தவரின் உடை, உயிர் பிழைத்தவரின் உடலைப் போர்த்தது. 1795 மே மாதத்தில் அவ்வுடைகளோடுதான் அவர்கள் இங்கிலாந்துக் கரையில் இறங்கினர்.

அன்பர்களே, இந்நிகழ்ச்சியைப் படிக்கும்போதெல்லாம் என் உள்ளம் அந்தச் சலவைத் தொட்டியருகே நின்றுவிடுகிறது. பதினாறு பேர் உயிர்ப்பலியை உலகம் அறியும். ஜெர்மன் மொழியில் ஒரு கதையாகவும், 1957-இல் அரங்கேறிய பிரெஞ்சு இசை நாடகமாகவும் அது புகழ் பெற்றது. 1906-இல் அவர்கள் முத்திப்பேறு பெற்றவர்களாகவும், 2024 டிசம்பரில் போப்பாண்டவர் பிரான்சிசால் புனிதர்களாகவும் அறிவிக்கப்பட்டனர். அவ்வளவு புகழுக்கும் நடுவில், சாவு எந்நேரமும் வரலாம் என்ற நிலையிலும் அன்றைய துணியை அன்று துவைக்கப் போட்ட அக்கைகளை நான் எண்ணுகிறேன். நாளை இருப்போமா என்பது அவர்களுக்குத் தெரியாது. இன்று உடை அழுக்காயிருக்கிறது என்பது தெரியும். அதனால் துவைத்தார்கள். அவர்கள் வேறு சபையினர். ஆயினும் அந்தச் செயல், பானையையும் பீடத்தையும் ஒன்றாகக் கண்ட பெனடிக்ட் முனிவரின் உள்ளத்திற்கு உகந்ததே. அவ்வுடைகளை ஆங்கிலக் கன்னியர் பீடத்துப் பொருளினும் மேலாகப் போற்றிப் பாதுகாத்ததில் வியப்பென்ன?

தாய்நாடு திரும்பிய அவர்களிடம் மடமும் இல்லை, பொருளும் இல்லை. லிவர்ப்பூல் நகருக்கு அருகில் ஊல்ட்டன் என்னும் ஊரில் பெண்களுக்கான பள்ளி ஒன்றை ஏற்று நடத்திப் பிழைத்தனர். இடம் மாறி, 1838-இல் உஸ்ட்டர் மாவட்டத்தில் ஸ்டான்புரூக் என்னும் இடத்தில் நிலையாகக் குடியமர்ந்தனர். அதுமுதல் அவ்விடத்தின் பெயரே மடத்தின் பெயராயிற்று.

ஏடு பெயர்த்து எழுதிய மரபு அங்கு வேறு வடிவம் பெற்றது. 1876-இல் கன்னியர் தம் மடத்துக்குள்ளேயே அச்சுக்கூடம் அமைத்தனர். எழுத்துக் கோத்தல், பிழை திருத்தல், அச்சடித்தல் யாவற்றையும் அவர்களே செய்தனர். இருபதாம் நூற்றாண்டில் அவர்கள் அச்சிட்ட நூல்களின் எழுத்தழகைக் கலைஞர்கள் பாராட்டினர். கைத்தொழில் வல்லவர் தம் திறமையால் செருக்குறலாகாது. செய்பொருளை வெளியார் விற்பதைவிடச் சற்றுக் குறைந்த விலைக்கே விற்கவேண்டும் என்பது ஒழுங்கு நூலின் 57-ஆம் அதிகாரம். எழுத்தை நேராக நிறுத்துவதும் ஒரு வழிபாடு என்று கருதுவோர் செய்த வேலையில் அழகு தோன்றுதல் இயல்பே.

விருந்தினரைக் கிறிஸ்துவாகவே எண்ணி வரவேற்க வேண்டும் என்பது 53-ஆம் அதிகாரம். விருந்தோம்பலுக்கு வள்ளுவர் ஓர் அதிகாரம் வகுத்த நாட்டில் பிறந்த நமக்கு இது நெஞ்சுக்கு நெருங்கிய செய்தி. ஸ்டான்புரூக்கின் கம்பித் தடுப்புக்கு அப்பால் வந்து நின்ற விருந்தினருள் ஒருவர், சமயத்தையும் சமுதாயத்தையும் எள்ளி நகையாடிய நாடகாசிரியர் பெர்னார்டு ஷா! 1924-இல் தொடங்கியது அவ்வரவு. கம்பிக்குள் இருந்தவர் லொரென்சியா மக்லக்லன் என்னும் கன்னி; கிரகோரியன் இசையில் பெரும்புலமை வாய்ந்தவர்; 1931-இல் மடத் தலைவியானவர். 1932-இல், கடவுளைத் தேடிச் சென்ற ஒரு கறுப்பினப் பெண்ணைப் பற்றி ஷா எழுதிய கதை அம்மையாரின் மனத்தைப் புண்படுத்தியது, நட்பு முறிந்தது. 1934-இல், அவருடைய துறவு வாழ்க்கையில் ஐம்பது ஆண்டு நிறைந்ததை நினைவுகூரும் சிறு அட்டை ஷாவுக்குச் சென்றது. அதை மரண அறிவிப்பு என்று எண்ணிய ஷா, வருந்தி மடத்துக் கன்னியர்க்கு ஆறுதல் கடிதம் எழுதினார். இறந்தவராகக் கருதப்பட்டவரே பதில் எழுதினார்! நட்பு மீண்டும் தழைத்தது. நாத்திகம் பேசியவர் என்று கதவை அடைத்திருந்தால் இந்த இனிய வரலாறு இல்லை. கம்பித் தடுப்பு உடலுக்கு இருந்தது, உள்ளத்திற்கு இல்லை.

2009-இல் அக்கன்னியர், தமக்குப் பெரிதாகிவிட்ட பழைய மாளிகையை விட்டு யார்க்குஷயர் மாவட்டத்தில் உவாஸ் என்னும் சிற்றூர்க்குக் குடிபெயர்ந்தனர். புதிய மடத்தைச் சூரிய வெப்பத்தையும் மழை நீரையும் வீணாக்காத முறையில் கட்டினர். பாத்திரத்தைப் பீடத்துப் பொருளாகப் பேணச் சொன்ன நூலைப் பின்பற்றுவோர்க்கு, தண்ணீரும் வெயிலும் கூடப் பீடத்துப் பொருளாகத் தோன்றியதில் புதுமையில்லை.

காம்பிரேயில் தொடங்கிய இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? மடத்தில் வாழ்வது எல்லோர்க்கும் உரிய வழி அன்று. அவர்களுடைய சமயமும் நம்முள் பலருக்கு அயலானது. ஆயினும், ஒரு கேள்வி எல்லோர்க்கும் பொது. வாழ்க்கையின் பெரும்பகுதி சிறு வேலைகளாலேயே நிறைகிறது. அவற்றைச் சுமையாக எண்ணித் தள்ளிவிட்டு, எங்கோ ஒரு பெரிய நாளுக்காகக் காத்திருப்பவர் வாழ்வின் பெரும்பகுதியையும் இழந்துவிடுகிறார். அந்தப் பெரிய நாள் வரும்போதும் அதற்கு வேண்டிய உறுதி அவரிடம் இருப்பதில்லை. சிறையின் குளிரிலும் குலையாத ஒழுங்கு, சிறைக்கு வந்தபின் கற்றதன்று; ஆண்டுக்கணக்காகப் பாத்திரத்தைப் பழுதின்றித் திருப்பிக் கொடுத்தும், ஏட்டைப் பிழையின்றிப் பெயர்த்து எழுதியும், மணி ஒலித்தவுடன் எழுந்து சென்றும் பழகியது.

வேலை சிறிதாயினும் செய்வோர் சிறியர் ஆகார் என்பதையும் நாம் மறத்தலாகாது. அம்மடமே அதனை முழுவதும் கற்றுக்கொள்ள நெடுங்காலம் ஆயிற்று என்று கண்டோம். நம் இல்லங்களில் பாத்திரம் துலக்குவோரும் துணி வெளுப்போரும் தெருக் கூட்டுவோரும் எத்தகைய மதிப்பைப் பெறுகின்றனர்? வேலையைப் புனிதம் என்று புகழ்ந்துவிட்டு, அதைச் செய்பவரை வாயிற்படிக்கு வெளியே நிறுத்துவது எவ்வகையில் நேர்மை? பானையைப் போற்றும் கொள்கை, பானையைக் கழுவும் கையையும் போற்றும்போதுதான் நிறைவடையும்.

நாளைக் காலையில் உங்கள் வீட்டில் உடைமையும் கடமையுமாகப் பல சிறு பொருள்கள் உங்கள் கையில் வந்து சேரும்: ஒரு குடம், ஒரு விளக்குமாறு, இரவல் வாங்கிய ஒரு புத்தகம். அவற்றைப் பழுதில்லாமல் பயன்படுத்தி, உரிய இடத்தில், உரிய நேரத்தில் வைத்துப் பாருங்கள். இரவல் சல்லடைக்காக அழுத ஒரு பெண்ணின் கண்ணீரைப் பொருட்படுத்தியதில் தொடங்கிய மரபு, ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளாக இதைத்தான் செய்துவருகிறது.